மூணே பட்டன்ல டிஜிட்டல் வாட்ச்சை குழப்பம் இல்லாம எப்படி அமைக்கலாம்? ஐடியா வேணும்

நள்ளிரவு_கோடர்:

வணக்கம் நண்பர்களே. கேசியோ எஃப்-91டபிள்யூ தெரியாதவங்க இங்க இருக்க மாட்டீங்க, 1989ல வந்து இன்னிக்கு வரைக்கும் வித்துட்டு இருக்கிற வாட்ச். அதுக்குள்ள இருக்கிற போர்டை எடுத்துட்டு நாமளே ப்ரோக்ராம் எழுதிக்கிற மாதிரி வேற போர்டு மாட்டலாம், சென்சார் வாட்ச்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட். கேஸ், எல்சிடி, மூணு பட்டன் எல்லாம் பழசு தான், மூளை மட்டும் புதுசு. அதுக்கு நான் சொந்தமா ஒரு ஃபர்ம்வேர், அதாவது வாட்ச்சுக்குள்ள ஓடுற ப்ரோக்ராம், எழுதிட்டு இருக்கேன். டைம், ரெண்டு அலாரம், ஸ்டாப்வாட்ச், கவுண்ட்டவுன் டைமர், வேற ஒரு ஊரோட நேரம், இவ்வளவு தான் வேணும்.

சிக்கல் எங்கன்னா பட்டன் மூணு தான். ஒரிஜினல்ல இடது மேல லைட், இடது கீழ மோட், வலது பட்டன் மத்த எல்லாத்துக்கும். மோடை அமுக்க அமுக்க டைம், அலாரம், ஸ்டாப்வாட்ச், டைம் செட்டிங், மறுபடி டைம்னு வட்டமா வரும். அந்த அளவுக்கு அது சரி. எனக்கு ஆறு ஏழு ஸ்க்ரீன் ஆகுது, அதே வட்டத்தைப் போட்டா டைமருக்குப் போறதுக்குள்ள நாலு அமுக்கு, அவசரத்துல ஒண்ணு தாண்டிட்டோம்னா முழு சுத்தும் சுத்திட்டு வரணும். அலாரம் செட் பண்ணும்போது நம்பர் ஏறும், இறங்காது, 30 நிமிஷத்தை 29 ஆக்கணும்னா 59 படி ஏறணும், அமுக்கிப் பிடிச்சா வேகமா ஓடும் தான் ஆனா சரியா 29ல விரலை எடுக்கிறது யாரால முடியும்.

இதை எங்க அப்பாவுக்குத் தான் கட்டி விடப் போறேன். அவர் வாட்ச்ல நேரம் பாக்கிறதோட சரி, வேற எதையும் தொடவே மாட்டார், தொட்டா ஏதாவது மாறிடும், அப்புறம் பழைய நிலைக்கு எப்படி கொண்டு வர்றதுன்னு தெரியாதுன்னு சொல்வார். அந்த பயம் இல்லாம அவர் டைமரை யூஸ் பண்ணணும், எனக்கு அது போதும். லாங் ப்ரெஸ், டபுள் ப்ரெஸ் எல்லாம் போட்டா பட்டன் மூணு ஒன்பது மாதிரி ஆயிடும்னு ஒரு யோசனை இருக்கு. சரிப்படுமா? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

செல்வி_டிசைன்:

உங்க அப்பா சொன்னதுல தான் விஷயமே இருக்கு. பட்டன் பத்தலைங்கிறது ரெண்டாவது பிரச்சனை. ஒரே பட்டன் ஒரு ஸ்க்ரீன்ல ஒண்ணும் இன்னொரு ஸ்க்ரீன்ல வேற ஒண்ணும் பண்ணுது, இப்ப நாம எந்த ஸ்க்ரீன்ல நிக்கிறோம்னு வாட்ச் தெளிவா சொல்றதில்லை, அது தான் முதல் பிரச்சனை. இன்டர்ஃபேஸ் டிசைன்ல இதுக்கு மோட் எரர்னே பேர். டான் நார்மன், லாரி டெஸ்லர் மாதிரி இன்டர்ஃபேஸ் டிசைன் நிபுணர்கள் வாழ்நாள் பூரா இதோட மல்லுக்கட்டினவங்க.

நீங்க எடுத்துக்கிட்ட வாட்ச்சையே கையில வச்சுப் பாருங்க. டைம் செட்டிங் அன்றாட வட்டத்துக்குள்ளேயே உக்காந்திருக்கு. ஸ்டாப்வாட்ச் பாத்துட்டு வீட்டுக்குத் திரும்பணும்னா, அதாவது டைம் ஸ்க்ரீனுக்கு, செட்டிங்கை மிதிச்சுட்டுத் தான் போகணும். போற வழியில செகண்ட் பிளிங்க் ஆகிட்டு நிக்கும், அந்த நேரம் வலது பட்டன்ல விரல் பட்டா செகண்ட் 00க்குப் போயிடும். வருஷத்துல சில தடவை செய்ற வேலையை தினமும் நடக்கிற பாதையில வைக்கக் கூடாது. அதே மாதிரி டைம் ஸ்க்ரீன்ல வலது பட்டனை அமுக்கினா 12 மணி 24 மணி மாறும். வாழ்க்கையில ஒரு தடவை முடிவு பண்ற விஷயத்துக்கு கைக்கு ரொம்ப ஈஸியா எட்டுற பட்டன் போயிடுச்சு. ஃபங்ஷன் மூணு நாலு இருக்கிற வாட்ச்ல இது பெரிய குத்தம் இல்லை, மக்கள் அதோட நல்லாவே வாழ்றாங்க. உங்க ஏழு ஸ்க்ரீனுக்கு இதையே இழுத்தீங்கன்னா தாங்காது.

நான் பண்றதா இருந்தா முதல் வேலையா மோட் பட்டனை அமுக்கிப் பிடிச்சா எங்க இருந்தாலும் டைம் ஸ்க்ரீனுக்கு வந்துடணும்னு வைப்பேன். எங்க இருந்தாலும்னா எங்க இருந்தாலும், எடிட்டிங் நடுவுல இருந்தாலும் கூட. உங்க அப்பாவுக்கு கத்துக் கொடுக்க வேண்டியது அந்த ஒரே விஷயம் தான், "என்ன ஆனாலும் இதை அமுக்கிப் பிடிங்கப்பா, நேரம் வந்துடும்". அது கைக்குப் பழகிட்டா மனுஷன் தைரியமா மத்த பட்டனைத் தொடுவார். பெப்பிள்னு ஒரு ஸ்மார்ட்வாட்ச்ல இடது பக்கம் ஒத்தையா பேக் பட்டன் இருந்துது, வலது பக்கம் மேல, செலக்ட், கீழன்னு மூணு, எந்த ஆப்புக்குள்ள போனாலும் பொதுவா இடது பட்டன் அமுக்கினா ஒரு படி வெளிய வரலாம், அதனாலயே உள்ள நுழைஞ்சு பாக்க பயம் வராது.

அடுத்தது ஏத்துறது இறக்குறது. எடிட்டிங்ல லைட் பட்டனை இறக்கவும் வலது பட்டனை ஏத்தவும் வைங்க, மோட் அடுத்த நம்பருக்குப் போகும். இருட்டுல செட் பண்ணும்போது லைட் வேணுமேன்னு கேப்பீங்க, எடிட்டிங்ல எந்த பட்டன் அமுக்கினாலும் லைட் சேர்ந்து எரியட்டும், தீர்ந்தது.

டபுள் ப்ரெஸ் வேண்டவே வேண்டாம். அதை வச்சீங்கன்னா ஒத்தை அமுக்குக்கும் வாட்ச் கால் செகண்ட் காத்திருந்து, ரெண்டாவது வருதான்னு பாத்துட்டுத் தான் நகர முடியும். எல்லா அமுக்கும் மந்தமா தெரியும்.

பழசு_விரும்பி:

செல்வி மேடம் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன். எதையும் அமுக்காமலே கிடைக்கிற விஷயம் எதுன்னு முதல்ல முடிவு பண்ணணும், மத்ததெல்லாம் அப்புறம்.

டிஜிட்டல் வாட்ச் சரித்திரத்துல பெரிய சண்டையே அங்க தான் நடந்துது. 1972ல ஹாமில்டன் கம்பெனி பல்சர்னு முதல் எலக்ட்ரானிக் டிஜிட்டல் வாட்ச்சை வித்தாங்க, தங்கக் கேஸ், 2,100 டாலர். சிவப்பு எல்ஈடி பேட்டரியைக் குடிச்சிடும்ங்கிறதால சும்மா இருக்கும்போது முகம் இருட்டா தான் இருக்கும், பட்டனை அமுக்கினா தான் நேரம் தெரியும். ஒரு கையில வாட்ச், இன்னொரு கை அமுக்க, ஆக நேரம் பாக்க ரெண்டு கையும் வேணும், கையில பை இருந்தா கீழ வைக்கணும். மணியை மாத்துறதுக்கு ஸ்ட்ராப் கொக்கியில ஒளிச்சு வச்ச குட்டி காந்தத்தை எடுத்து வாட்ச்சுக்குப் பின்னாடி காட்டணும். அடுத்த வருஷமே, 1973ல, சீக்கோ ஆறு இலக்க எல்சிடி வாட்ச் கொண்டு வந்தாங்க, எப்பவும் நேரம் தெரிஞ்சுட்டே இருக்கும், சில வருஷத்துல எல்ஈடி வாட்ச் கடையை விட்டே போயிடுச்சு. இத்தனையும் தெரிஞ்ச அப்புறமும் 2015ல ஆப்பிள் வாட்ச் வந்தப்ப கையைத் தூக்கினா தான் முகம் எரிஞ்சுது, எப்பவும் எரியிற முகம் 2019ல சீரிஸ் 5ல தான் வந்துது. பேட்டரி தான் காரணம், புரியுது, ஆனா ஒரு வாட்ச் கட்டினவன் கேக்கிற முதல் கேள்விக்கு சும்மாவே பதில் வரணும்.

உங்களுக்கு எல்சிடி இருக்கிறதால நேரம் எப்பவும் தெரியும், சரி. ஆனா டைமர் ஓடிட்டு இருக்குன்னா அது டைம் ஸ்க்ரீன்லயே தெரியுமா? அலாரம் ஆன்ல இருக்கிறது தெரியுமா? டைமர் ஓடுதா இல்லையான்னு தெரிஞ்சுக்க உங்க அப்பா நாலு ஸ்க்ரீன் தாண்டிப் போகணும்னா அவர் ரெண்டாவது தடவை அதைத் தொட மாட்டார். அந்த எல்சிடில மணி சின்னம், சிக்னல் சின்னம், பிஎம், 24எச், லேப்னு அஞ்சு அடையாளம் இருக்கு. டைமர் ஓடும்போது அந்த லேப் சின்னத்தை மெதுவா மினுக்க விடுங்க.

இன்னொரு விஷயம், அந்த கண்ணாடில பிஎம் சின்னம் இருக்கு, ஏஎம் சின்னம் கிடையாது. எதுவும் தெரியலைன்னா காலைன்னு நாமளே புரிஞ்சுக்கணும். காலைல ஆறுக்கு வச்ச அலாரம் சாயங்காலம் ஆறுக்கு அடிக்கிறதெல்லாம் இப்படித் தான் நடக்குது. 24 மணி முறை பழக்கம் இல்லாதவங்களுக்கு இதை எப்படி சரி பண்றதுன்னு யோசிங்க.

எல்லாம்_போன்ல:

எதுக்கு இவ்வளவு கஷ்டம், வாட்ச்ல எடிட்டிங்கே வேண்டாம், போன் ஆப்ல எல்லாம் செட் பண்ணி அனுப்பிடலாமே. 2018ல வந்த ஜி-ஷாக் ஜிஎம்டபிள்யூ-பி5000 எல்லாம் ப்ளூடூத்ல போனோட பேசுது, அலாரம், உலக நேரம் எல்லாம் பெரிய ஸ்க்ரீன்ல வச்சுக்கலாம். மூணு பட்டன்ல நம்பர் ஏத்தி இறக்கிறது போன நூற்றாண்டு வேலை.

பழசு_விரும்பி:

நல்ல வசதி தான், மறுக்கலை ப்ரோ, ஆனா அதை ஒரே வழியா வைக்கக் கூடாது. 1994ல டைமெக்ஸ் டேட்டாலிங்க்னு ஒரு வாட்ச் மைக்ரோசாஃப்ட்டோட சேர்ந்து பண்ணாங்க, கம்ப்யூட்டர் மானிட்டருக்கு முன்னாடி வாட்ச்சைக் காட்டினா ஸ்க்ரீன்ல கோடு கோடா மின்னும், வாட்ச்ல இருக்கிற சென்சார் அதைப் படிச்சு போன் நம்பர், அப்பாயின்ட்மென்ட் எல்லாம் ஏத்திக்கும். அருமையான யோசனை, வயர் இல்லை ஒண்ணும் இல்லை. ஆனா அது பழைய டியூப் மானிட்டரோட மினுக்கலை நம்பி இருந்துது, தட்டை மானிட்டர் வந்ததும் அந்த வழி அடைபட்டுப் போச்சு. அப்பவும் அந்த வாட்ச்ல நேரத்தை பட்டன்லயே மாத்த முடிஞ்சுது, அதனால தான் இன்னமும் சில பேர் கட்டிட்டு இருக்காங்க. வாட்ச்சோட ஆயுசு போன் ஆப்போட ஆயுசை விடப் பெருசு, எஃப்-91டபிள்யூ பேட்டரியே ஏழு வருஷம்னு கம்பெனி சொல்லுது, ஏழு வருஷத்துக்கு முன்னாடி நம்ம போன்ல இருந்த ஆப்ல எத்தனை இன்னிக்கு ஓடுது?

நள்ளிரவு_கோடர்:

இந்த போர்டுல ப்ளூடூத்தும் கிடையாது, அதனால பட்டன் தான் வழி. செல்வி மேடம் சொன்ன வீட்டுக்கு வர்ற பட்டன் யோசனை ரொம்ப பிடிச்சிருக்கு, அதை எழுத ஆரம்பிச்சுட்டேன். லாங் ப்ரெஸ் எவ்வளவு நேரம் வைக்கலாம்?

சில்லு_வேலைக்காரன்:

எம்பெடட் வேலையில, அதாவது கருவிக்குள்ள இருக்கிற சிப்புக்கு ப்ரோக்ராம் எழுதுற வேலையில, இருக்கிறவன், இதுல நிறைய மண்டையை உடைச்சிருக்கேன். அரை செகண்டுல இருந்து முக்கால் செகண்டுக்குள்ள வைங்க. ஐபோன் ப்ரோக்ராமிங்ல லாங் ப்ரெஸ்ஸுக்கு அவங்க வச்சிருக்கிற இயல்பு அளவு அரை செகண்டு. ஆனா நேரத்தை விட முக்கியமானது, அந்த அரை செகண்டு முடிஞ்ச உடனே வேலை நடந்துடணும், விரலை எடுத்த அப்புறம் இல்லை. விரல் கீழ இருக்கும்போதே ஸ்க்ரீன் மாறினா "ஓ, போதும்"னு கைக்குத் தெரிஞ்சுடும். எடுத்த அப்புறம் மாறினா எவ்வளவு நேரம் பிடிக்கணும்னு யாருக்கும் கடைசி வரைக்கும் பிடிபடாது, பயத்துல மூணு செகண்டு பிடிச்சுட்டு நிப்பாங்க.

ஸ்டாப்வாட்ச்ல மட்டும் உஷாரா இருங்க. ஒரு பட்டனுக்கு லாங் ப்ரெஸ் வேலை ஒண்ணு இருந்தா, சின்ன அமுக்கா பெரிய அமுக்கான்னு விரலை எடுத்தா தான் ப்ரோக்ராமுக்குத் தெரியும். அதனால நம்மளை அறியாம ஸ்டார்ட் ஸ்டாப்பை விரலை எடுக்கிற நேரத்துக்குத் தள்ளிடுவோம். ஓட்டத்தை அளக்கிறவன் அமுக்கின நொடி தான் கணக்கு, எடுத்த நொடி கிடையாது. அதனால ஸ்டாப்வாட்ச் ஸ்க்ரீன்ல வலது பட்டனுக்கு லாங் ப்ரெஸ்ஸே வேண்டாம், ஸ்டார்ட், ஸ்டாப், அவ்வளவு தான், லேப்பும் (ஓடிட்டு இருக்கும்போதே நடுவுல நேரம் குறிக்கிறது) ரீசெட்டும் லைட் பட்டனுக்குப் போகட்டும். பட்டன் அமுக்கினதும் சிப்புக்கு வர்ற உடனடி சிக்னல், அதான் இன்டரப்ட், அது வந்த இடத்துலயே நேரத்தைக் குறிச்சுக்கோங்க, டிஸ்ப்ளேல வரையிறது கொஞ்சம் பின்னாடி நடந்தாலும் பரவாயில்லை. சிப் தூங்கிட்டு செகண்டுக்கு ஒரு தடவை தான் எழுந்திருக்கும்னா, பட்டன் அமுக்கினா உடனே எழுந்து பதில் சொல்ற மாதிரி வைங்க, அடுத்த செகண்டு வரைக்கும் சும்மா இருந்தா பட்டன் வேலை செய்யலைன்னு நினைச்சு இன்னொரு தடவை அமுக்குவாங்க, ரெண்டு ஸ்க்ரீன் தாண்டிப் போயிடும்.

கோடு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு பெரிய பேப்பர்ல எல்லா நிலையையும் வரைஞ்சு பாருங்க. நான் சும்மா சொல்லலை, டேவிட் ஹாரெல்னு ஒரு கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1987ல ஸ்டேட்சார்ட்னு ஒரு வரைபட முறையை எழுதினப்ப, அதை விளக்க எடுத்துக்கிட்ட உதாரணமே ஒரு சிட்டிசன் மல்டி அலாரம் டிஜிட்டல் வாட்ச் தான். அதுல உங்களுக்கு வேணுங்கிற ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, லைட்டும் அலாரம் அடிக்கிறதும் ஸ்க்ரீனோட சம்பந்தமே இல்லாம பக்கத்துல தனியா ஓடுற நிலைகள், அதை மோட் வட்டத்தோட கலக்கக் கூடாது. இன்னொண்ணு, பெரிய பெட்டிக்குள்ள சின்னப் பெட்டின்னு அடுக்கலாம், அப்ப "எங்க இருந்தாலும் வீட்டுக்கு வா"ங்கிறதுக்கு வெளிப் பெட்டியில இருந்து ஒரே ஒரு அம்பு போதும், ஒவ்வொரு ஸ்க்ரீன்லயும் தனித்தனியா எழுத வேண்டாம், எதையாவது விட்டுட்டோமாங்கிற கவலையும் இல்லை.

அலாரம் அடிக்கும்போது எந்த பட்டன் அமுக்கினாலும் நிக்கணும், அந்த அமுக்கு அத்தோட முடிஞ்சுடணும். அலாரத்தை நிறுத்தின அதே அமுக்கு மோடையும் மாத்திட்டுப் போனா தூக்கக் கலக்கத்துல இருக்கிற மனுஷன் முழிப்பான்.

தேன்மொழி:

அப்பாவுக்குன்னு சொன்னதால கேக்கிறேன், அவருக்கு பக்கத்துல இருக்கிறது தெளிவா தெரியுமா? நாப்பது தாண்டினா பல பேருக்கு பக்கத்துல இருக்கிறது மங்கும். அந்த வாட்ச்ல எந்த மோட்னு சொல்றது மேல ஓரத்துல இருக்கிற ரெண்டே எழுத்து, அலாரத்துக்கு ஏஎல், ஸ்டாப்வாட்ச்சுக்கு எஸ்டி, அதுவும் கிழமை வர்ற இடத்துல குட்டியா. கண்ணாடி போடாதவர் கண்ணுக்கு அது ஒரு புள்ளி தான். அதனால மோட் மாறினதும் ஒரு செகண்டுக்கு பெரிய இலக்கத்துலயே பேரைக் காட்டுங்க. ஏழு கோடு போட்ட இலக்கத்துல எல்லா எழுத்தும் வராது, எம், டபிள்யூ எல்லாம் வரவே வராது, அந்த எல்சிடில சில இடத்துல கோடுங்க ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சு வேற இருக்கு, அதனால ஒவ்வொரு பேரையும் கண்ணால பாத்து முடிவு பண்ணுங்க. அதை விட நல்லது ஒவ்வொரு ஸ்க்ரீனோட உருவமே வேற மாதிரி இருக்கிறது. டைமர்ல கோலன் இல்லாம நிமிஷம் மட்டும், உலக நேரத்துல செகண்டே இல்லாம. படிக்காமலே பாத்தவுடனே தெரியணும்.

பிளிங்க் பத்தியும் சொல்லணும். பாதி நேரம் எரிஞ்சு பாதி நேரம் அணைஞ்சா, நாம உத்துப் பாக்கிற அந்த நம்பர் தான் பாதி நேரம் காணாமப் போகுது. முக்கால் நேரம் எரியட்டும், கால் நேரம் அணையட்டும், பட்டன் கீழ இருக்கும்போது பிளிங்க்கையே நிறுத்திடுங்க.

சத்தம். இந்த மாதிரி வாட்ச் பஸ்ஸர் பொதுவா நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்துல கத்தும், அங்க தான் அந்த தகடு நல்லா அதிரும். வயசானா முதல்ல கேக்காமப் போறது கீச்சுன்னு வர்ற சத்தம் தான். என்னோட மாமியார் பக்கத்து ரூம்ல வாட்ச் அலாரம் அடிக்கிறதை கேக்கவே மாட்டாங்க, ஆனா பேச்சு எல்லாம் தெளிவா கேக்கும். உங்களால டோனை மாத்த முடியும்ல, கொஞ்சம் இறக்கி வச்சு அவரையே கேக்கச் சொல்லுங்க, ரொம்ப இறக்கினா சத்தமே சின்னதாயிடும், நடுவுல எங்கயாவது கிடைக்கும். எடிட்டிங்ல ஏறும்போது ஒரு டோன், இறங்கும்போது ஒரு டோன், 00 தாண்டும்போது வேற ஒண்ணு வச்சா கண்ணுக்கு வேலை குறையும்.

நள்ளிரவு_கோடர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி உக்காந்து பேப்பர்ல வரைஞ்சேன். இப்ப இருக்கிறது இது தான்: வட்டத்துல டைம், டைமர், அலாரம், ஸ்டாப்வாட்ச் மட்டும், டைமர் ஒரே அமுக்குல வருது. ரெண்டாவது அலாரம் அலாரம் ஸ்க்ரீனுக்குள்ளேயே போயிடுச்சு. உலக நேரத்தை வட்டத்துல இருந்து தூக்கிட்டேன், டைம் ஸ்க்ரீன்ல வலது பட்டனைப் பிடிச்சுட்டு இருக்கிற வரைக்கும் தெரியும், விட்டா நம்ம நேரம், அதுக்கு மோடே தேவையில்லை. 12, 24 மாத்துறது, தேதி எல்லாம் லைட்டையும் வலதையும் சேர்த்துப் பிடிச்சா வர்ற தனி செட்டிங்குக்குள்ள. மணியை மாத்தும்போது செகண்டு நிக்காம ஓடிட்டே இருக்கும், ஊர் மாறினா மணி மட்டும் தானே மாறுது.

ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். எடிட் பண்ணிட்டு இருக்கும்போது பாதில விட்டுட்டா, இல்லைன்னா மோடைப் பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டா, அதுவரைக்கும் மாத்தினதை வச்சுக்கணுமா, தூக்கிப் போடணுமா? கம்ப்யூட்டர்ல கேன்சல்னா தூக்கிப் போடுறது தானே வழக்கம்.

செல்வி_டிசைன்:

வச்சுக்கோங்க. சேவ் பட்டனே இல்லாத இடத்துல, கண்ணுக்கு முன்னாடி 6:30னு தெரிஞ்சா அது 6:30 தான்னு நினைக்கிறது நியாயம். தூக்கிப் போட்டா அலாரம் அடிக்காது, அது தப்பான நேரத்துல அடிக்கிறதை விட மோசம். அலாரம் நேரத்தை மாத்தினாலே தானா ஆன் ஆயிடணும், நேரத்தை மாத்திட்டு ஆஃப்ல வைக்கிறவங்க ரொம்ப கம்மி.

பழசு_விரும்பி கேட்ட காலை சாயங்காலம் குழப்பத்துக்கும் இங்கயே பதில் இருக்கு. அலாரம் எடிட்ல இருந்து வெளிய வந்ததும் ரெண்டு செகண்டு "இன்னும் எவ்வளவு நேரத்துல அடிக்கும்"னு காட்டுங்க, போன்ல எல்லாம் பாத்திருப்பீங்க. ராத்திரி பத்து மணிக்கு காலைல ஆறுக்கு வச்சா 8:00னு வரும், மாத்தி சாயங்காலம் ஆறுக்கு வச்சிருந்தா 20:00னு வரும், பிஎம் சின்னத்தை கவனிக்காதவர் கூட இதைப் பாத்து நின்னுடுவார். அந்த ரெண்டு செகண்டுல வலது பட்டனை அமுக்கினா நேரா எடிட்டுக்குத் திரும்பற மாதிரி வச்சுடுங்க, மோடை அமுக்கினா காத்திருக்காம டைம் ஸ்க்ரீன்.

டைமருக்கும் அதே, கடைசியா வச்ச நிமிஷத்தை ஞாபகம் வச்சுக்கட்டும், அவர் போனதும் வலது பட்டன் ஒரு அமுக்கு, ஓட ஆரம்பிச்சுடணும். ஃபர்ம்வேர் ஓடினதும் அப்பா கையில கொடுத்துட்டு, ஒண்ணும் விளக்காம, அவர் விரல் முதல்ல எந்த பட்டனுக்குப் போகுதுன்னு பாத்து இங்க எழுதுங்க. மோட் பட்டனும் வலது பட்டனும் இடம் மாறணுமான்னு அப்ப பேசலாம்.